கலை மையம் வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்? முதலில் சாவி யாரிடம் என்று கேளுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: "எங்கள் பகுதியில் காலியாகக் கிடக்கும் ஒரு பழைய கட்டடத்தைச் சமூகக் கலை மையமாக மாற்ற வேண்டும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். பெரிய அரங்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. இதனால் இங்கே வாழ்கிறவர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா, அல்லது திறப்பு விழாவோடு சரியா?"

இரண்டும் நடந்திருக்கிறது. எண்பது ஆண்டு தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் மையங்களும் உண்டு, ஐந்தே ஆண்டில் மூடப்பட்டவையும் உண்டு. எது எப்படிப் போகும் என்பதை ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அங்கே வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்க வருகிறார்களா, தாங்களே ஏதாவது செய்ய வருகிறார்களா? கட்டடத்தின் சாவி யார் கையில் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் நிகழ்ச்சிகளின் தரம், மேடையின் அளவு, முகப்பின் அழகு எல்லாவற்றையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அரங்கம் மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் உயிரோடு இருக்கும். கூட்டம் வரும், பார்க்கும், கைதட்டும், கிளம்பிவிடும். பக்கத்து இருக்கைக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் வீடு திரும்பலாம். நல்ல கலை மையம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போக வேண்டும். ஓர் அறையில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்திசை ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள், பாதிப்பேர் சுருதி விலகி. இன்னோர் அறையில் யாரோ மர அச்சு செதுக்கிக்கொண்டிருப்பார்கள். நடைகூடத்தில், பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு நாற்பத்தைந்து நிமிடம் காத்திருக்கும் பெற்றோர் இருப்பார்கள். என்னைக் கேட்டால் அந்த நடைகூடத்துக்குத்தான் முதல் மதிப்பெண். வாராவாரம் அதே நேரத்தில் அதே பெஞ்சில் உட்காருகிற இருவர் ஒரு மாதத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை தேவை என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். கட்டட வரைபடத்தில் இடம் போதவில்லை என்றதும் முதலில் குறைப்பது அந்த நடைகூடத்தைத்தான் என்பது வேறு விஷயம்.

சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். மட்பாண்டம் செய்யப் பழகுகிறவர்கள் எல்லாரும் வீட்டில் சூளை வைத்துக்கொள்ள முடியாது. களிமண் பொருளை முதல் முறை சுட ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் வேண்டும். கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற மேற்பூச்சைப் பூசி இரண்டாம் முறை சுடும்போது, களிமண்ணின் வகையைப் பொறுத்து 1,200 டிகிரிக்கு மேலும் போகும். சூடு ஏற மணிக்கணக்காகும், ஆற அதைவிட அதிகம். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பவை விரிசல் விடும். ஒரே ஒரு கிண்ணத்துக்காகச் சூளையை மூட்டினால் கட்டுப்படியாகாது, சூளை நிரம்ப வேண்டும். ஆகவே உங்கள் கிண்ணம் சுடப்பட வேண்டுமென்றால் இன்னும் இருபது பேரின் கிண்ணங்கள் காய்ந்து தயாராக வேண்டும். சரியாகக் காயாத ஒன்று உள்ளே வெடித்தால் அதன் சில்லு பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடலாம். அதனால் அடுத்தவர் மண்ணைச் சரியாகப் பிசைந்தாரா, நன்றாகக் காயவிட்டாரா என்று ஒவ்வொருவருக்கும் அக்கறை வந்துவிடுகிறது. பள்ளி மாணவி, வங்கி ஊழியர், எழுபது வயதுக்காரர் மூவரும் ஒரே அடுக்கின் முன் நின்று "இது இன்னும் ஈரம்" என்று பேசிக்கொள்வதற்கு வேறெந்த ஏற்பாட்டிலும் காரணம் கிடைக்காது. ஒத்திகை அறை, புகைப்படம் கழுவும் இருட்டறை, அச்சு இயந்திரம், நெசவுத் தறி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். தனியாக வைத்துக்கொள்ள முடியாத பொருள்கள் மனிதர்களை ஒரே அறைக்கு அழைத்து வருகின்றன.

இதெல்லாம் புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. 1889-இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் குடியேறிகள் நெருக்கி வாழ்ந்த ஒரு பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தைத் தொடங்கினார்கள். சுற்றிலும் வறுமை. இருந்தும் 1891-இல் அவர்கள் சேர்த்துக் கட்டிய முதல் புதிய கட்டடம் ஓர் ஓவியக் கூடம். பின்னால் இசைப் பள்ளியும் நாடக மேடையும் வந்தன. ஜாஸ் கலைஞர் பென்னி குட்மன் சிறுவனாக வாசித்தது அங்கிருந்த பையன்கள் இசைக்குழுவில்தான். ஆனால் ஹல் ஹவுஸ் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1900-இல் அங்கே தொடங்கிய தொழில் அருங்காட்சியகம். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த வயதான குடியேறிப் பெண்கள் அங்கே வந்து, தங்கள் ஊர்களில் நூற்றது போலவே நூற்றுக் காட்டுவார்கள்.

அப்படி வந்த ஓர் இத்தாலியப் பெண்மணியின் மகள் அதே மாலைகளில் அதே இடத்துக்குச் சமையல் வகுப்புக்கு வருவாள். அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு நாட்டுப்புற உடையில் வருவது அவளுக்கு வெட்கம். அதனால் அம்மாவை ஒரு வாசல் வழியாக அனுப்பிவிட்டு, தான் வேறு வாசல் வழியாக உள்ளே போவாள். ஒரு மாலை எட்டிப் பார்த்தபோது, கல்லூரியிலிருந்து வந்தவர்கள் அம்மாவைச் சுற்றி நின்று அவள் கைவேலையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவிலேயே கைத்தக்ளியில் நன்றாக நூற்பது தன் அம்மாதான் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அது உண்மையா என்று ஆடம்ஸிடமே கேட்டாள். அவர் அவளுக்கு அம்மாவின் கிராமத்தைப் பற்றி, அங்கிருந்து கிளம்பி வந்து இந்த நகரத்தில் அவள் எதையெல்லாம் இழந்தாள் என்பதைப் பற்றிச் சொன்னார். அதன் பிறகு மகள் தன் வழக்கமான வாசலை விட்டுவிட்டு அம்மாவோடு ஒரே வாசல் வழியாக வந்தாள். ஆடம்ஸ் எழுதிவைத்திருக்கும் சம்பவம் இது. கலை மையம் ஊருக்கு என்ன செய்யும் என்று யாராவது புள்ளிவிவரம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த வாசல் கதையைத்தான்.

இதற்கு நேர் எதிரான வழியில் போன நாடும் உண்டு. பிரான்சில் 1959-இல் பண்பாட்டு அமைச்சரான ஆந்த்ரே மால்ரோ, நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு 'பண்பாட்டு இல்லம்' என்று கனவு கண்டார். முதலாவது 1961-இல் லெ ஆவ்ர் துறைமுக நகரத்தில் திறக்கப்பட்டது. மிக உயர்ந்த கலையை எல்லாருக்கும் எட்டும்படி வைப்பதுதான் நோக்கம். உயர்ந்த படைப்பின் முன்னால் மனிதனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று மால்ரோ உளமார நம்பினார். ஆகவே தொழில்முறைக் கலைஞர்களுக்கே முதலிடம். அமெச்சூர் நாடகமும் உள்ளூர் வகுப்புகளும் அந்தத் திட்டத்தின் மையத்தில் இல்லை, அவற்றை வேறு துறை பார்த்துக்கொண்டது. கனவு கண்ட எண்ணிக்கையில் மிகச் சில இல்லங்களே எழுந்தன. 1968 மே மாதம் நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, அரசு நாடக அரங்குகளையும் இந்த இல்லங்களையும் நடத்திவந்த இயக்குநர்கள் வில்யர்பான் நகரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தங்கள் கதவுக்குள் ஒருநாளும் வராத பெரும் மக்கள் திரளை அவர்கள் 'பார்வையாளரல்லாதோர்' என்று அதில் குறிப்பிட்டார்கள். இத்தனை ஆண்டு உழைத்தும் வந்தவர்களே மறுபடி மறுபடி வந்தார்கள் என்று நடத்தியவர்களே ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை.

மால்ரோவைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. சிறந்த நாடகத்தையோ ஓவியத்தையோ சாதாரண மக்களுக்கு ஒளித்துவைக்கக் கூடாது என்ற அவர் எண்ணம் சரியானதே. உள்ளூர்த் திறமை என்ற பெயரில் சலிப்பூட்டும் நிகழ்ச்சிகளை மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் மையங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓர் ஊர் மையத்தில் செய்வது முன்னாலும் பார்ப்பது பின்னாலும் வர வேண்டும். தானே இரண்டு வரி வசனம் பேசி மேடையில் தடுமாறியவருக்குத்தான் நல்ல நடிகர் செய்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். அடுத்த முறை அவர் சீட்டு வாங்கிக்கொண்டு வருவார்.

இந்த வரிசை ஒரு சிறு கிராமத்தில்கூட எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. கர்நாடகத்தின் சாகர வட்டத்தில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஹெக்கோடு. 1949-இல் அந்தக் கிராமத்தார் சேர்ந்து நாடகம் போடுவதற்காகத் தொடங்கியதுதான் நீநாசம். முழுப்பெயர் நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம். கே.வி. சுப்பண்ணாவின் தலைமையில் அது மெல்ல வளர்ந்தது. 1970-களில் திரைப்படச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, உலகத் திரைப்படங்களைக் கிராமத்தாருக்குத் திரையிட்டார்கள். 1980-இல் நாடகப் பயிற்சி நிலையம் வந்தது. 1985-இல் தொடங்கிய 'திருகாட்ட' குழு கர்நாடகம் முழுக்க ஊர் ஊராக நாடகம் கொண்டுபோகிறது. 1991-இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஊர்க்காரர்கள் தாங்களே நடித்தார்கள். உலக சினிமாவும் பயிற்சிப் பள்ளியும் இருபது முப்பது ஆண்டு கழித்துத்தான் வந்தன.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம். பழைய கட்டடம் என்பது குறையில்லை, பல நேரம் அதுவே பலம். இதற்கு நான் எப்போதும் காட்டுவது பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரிலுள்ள செஸ்க் பொம்பேயா என்ற மையம். அது ஒரு பழைய இரும்புப் பீப்பாய்த் தொழிற்சாலை. 1977-இல் அந்த வேலை கட்டடக் கலைஞர் லீனா போ பார்டியிடம் வந்தது. அவர் ஒரு வார இறுதியில் போய்ப் பார்த்தபோது, பாழடைந்த கொட்டகைகளுக்கு நடுவே குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், குடும்பங்கள் கூடியிருந்தன, பெரியவர்கள் பொழுதுபோக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த மகிழ்ச்சி அப்படியே தொடர வேண்டும் என்பதே அவர் எடுத்த முடிவு. இடிக்கவில்லை. கொட்டகைகளை வைத்துக்கொண்டு, பெரிய கூடத்தின் தரையில் வளைந்தோடும் ஒரு நீரோடையையும் ஒரு கணப்படுப்பையும் வைத்தார். பட்டறைகளுக்கு நடுவே கூரை வரை போகாத குட்டையான கான்கிரீட் கல் சுவர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று நடந்து போகிறவர் பார்த்துக்கொண்டே போகலாம். 1982-இல் திறந்தார்கள். எந்த வகுப்பிலும் சேராமல், எந்தச் சீட்டும் வாங்காமல், சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்பதே அங்கு பெரிய கவர்ச்சி. சும்மா உட்கார்ந்திருப்பவர்தான் அடுத்த மாதம் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பார்.

வாசலில் பாதுகாவலரும் பதிவேடும் கண்ணாடிக் கதவும் வைத்த மையங்கள் இங்கேதான் தோற்கின்றன. "நான் இங்கே வரலாமா?" என்ற தயக்கம் ஏற்கெனவே பலர் மனதில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பதிவேட்டில் "வருகையின் நோக்கம்" என்று கேட்டால் என்ன எழுதுவார்கள்?

சரி, பணம். பொம்பேயா மையத்தை நடத்தும் செஸ்க் அமைப்பு ஒரு விதிவிலக்கு: வணிக, சேவை நிறுவனங்கள் தங்கள் ஊதியப் பட்டியலில் 1.5 சதவீதத்தைச் சட்டப்படி அதற்குச் செலுத்துகின்றன. அப்படியொரு நிலையான வருமானம் உலகில் அநேகமாக எந்த ஊர் மையத்துக்கும் வாய்ப்பதில்லை. மற்றவர்கள் மானியம், வகுப்புக் கட்டணம், அறை வாடகை, நன்கொடை என்று நாலு பக்கமும் பார்த்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

மானியம் நின்றால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் இரண்டு மையங்களை வைத்துப் பார்க்கலாம். 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தின்போது அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கலை மையங்களுக்குப் பணம் கொடுத்தது. நியூயார்க்கில் ஹார்லம் சமூகக் கலை மையம் 1937-இல் திறக்கப்பட்டது. சிற்பி அகஸ்டா சாவேஜ் அதன் முதல் இயக்குநர். மிகத் துடிப்பான இடம். இரண்டாம் உலகப் போர் வந்தது, அரசுப் பணம் நின்றது, 1942-இல் மூடிவிட்டார்கள். சிகாகோவின் தென்பகுதியில் கறுப்பின மக்களின் முயற்சியில் 1940-இல் தொடங்கிய சவுத் சைடு சமூகக் கலை மையத்துக்கும் அதே அரசுத் திட்டம்தான் சம்பளம் கொடுத்தது, கட்டடத்தைச் சீரமைத்தும் கொடுத்தது. ஒரே ஒரு வித்தியாசம்: கட்டடத்தை அரசு வாங்கித் தரவில்லை, அக்கம்பக்கத்தார் நிதி திரட்டி ஒரு பழைய மாளிகையை வாங்கினார்கள். தெருமுனையில் நின்று பத்து சென்ட் காசுகளாகச் சேர்த்தார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவர், பிற்காலத்தில் பெரிதும் அறியப்பட்ட ஓவியர் மார்கரெட் பரோஸ். அதே திட்டம் முடிந்து, அதே பணம் நின்றபோது சம்பளம்தான் போனது, கூரை போகவில்லை. தொண்டர்கள் நடத்தினார்கள். இன்றும் அதே கட்டடத்தில் அது இயங்குகிறது. கேலரியின் மரப்பலகைச் சுவர்களில் பல பத்தாண்டுக் கண்காட்சிகளின் ஆணித் துளைகள் அப்படியே தெரியும். அங்கிருந்த இருட்டறையில்தான் புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் தன் ஆரம்பகாலப் புகைப்படங்களைக் கழுவினார்.

சாவி யாரிடம் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். கட்டடம் சொந்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீண்ட காலக் குத்தகையாவது வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தை நம்பிச் சூளை போடுவது வீண்.

வாடகை வருமானத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கூடத்தைத் தனியார் விழாக்களுக்கு விட்டால் ஒரே நாளில் ஒரு மாத வகுப்புக் கட்டணம் வந்துவிடும். முதலில் மாதம் ஒரு சனிக்கிழமை விடுவார்கள். அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும். சனிக்கிழமை நாடகக் குழு வியாழனுக்குத் தள்ளப்படும், வியாழன் இரவு வேலைக்குப் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள், குழு கலையும். கணக்குப் புத்தகம் ஆரோக்கியமாக இருக்கும், மையம் இருக்காது. எந்தெந்த நேரங்களை எவ்வளவு பணம் வந்தாலும் வெளியே விடுவதில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

உடல்நலம், மனநலம், குற்றம் குறைதல் என்று பெரிய வாக்குறுதிகளோடு நிதி கேட்கும் பழக்கம் இப்போது எங்கும் இருக்கிறது. இதில் உண்மை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலை ஈடுபாடு நோய்த் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் துணையாக இருக்க முடியும் என்று சொன்னது. ஆனால் 'துணை' என்பதைத் தாண்டி உங்கள் குழு எதையும் வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. பாட்டுக் குழுவுக்கு வருகிற முதியவரின் தனிமை குறையலாம், அதற்காக அவர் பாட வரவில்லை. அவர் பாட வந்தார். அவரை ஒரு நோயாளியாகக் கணக்கெடுக்கத் தொடங்கினால் அவருக்கே அது தெரிந்துவிடும். ஆண்டறிக்கைக்காக நெருக்கடியே வந்தாலும், எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் வருகிறார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் இப்போது மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று எண்ணினால் உங்களுக்கே பயன்படும்.

அதைவிட முக்கியம், யார் வரவில்லை என்று பார்ப்பது. காரணம் பெரும்பாலும் கலை ஆர்வமின்மையாக இருக்காது. படிக்கட்டு இருக்கும், சாய்தளம் இருக்காது. கழிவறை முதல் மாடியில் இருக்கும். இரவு எட்டரைக்கு வகுப்பு முடிந்தால் தெருவிளக்கு இல்லாத சந்து வழியாகப் பெண்கள் நடக்க வேண்டியிருக்கும். கைக்குழந்தையை எங்கே விடுவது? லண்டனின் பாட்டர்ஸீ கலை மையம் (1893-இல் கட்டிய பழைய நகர மன்றக் கட்டடம், 2015-இல் ஒரு பகுதி எரிந்து மறுபடி எழுந்தது) 2020-இல் தன் நிகழ்ச்சிகள் எல்லாமே 'ரிலாக்ஸ்டு' முறையில் நடக்கும் என்று அறிவித்தது. நடுவில் எழுந்து போகலாம், சத்தம் போடலாம், திரும்பி வரலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு இது என்ன அர்த்தம் என்பதை விளக்கத் தேவையில்லை. இதற்குச் செலவும் பெரிதில்லை, மற்ற பார்வையாளர்கள் முகம் சுளிக்காமல் இருக்கப் பழகினால் போதும்.

இன்னொரு விளைவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கலை மையம் வந்து பகுதி களைகட்டினால் வீட்டு வாடகை ஏறலாம். பல நகரங்களில் கலைஞர்கள் வந்து சீராக்கிய தெருக்களில் பிறகு கலைஞர்களாலேயே வாழ முடியாமல் போயிருக்கிறது, பழைய குடியிருப்பாளர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதை ஒரு மையம் தனியாகத் தடுக்க முடியாது. தன் கட்டணத்தையும் நிர்வாகக் குழுவையும் பழைய குடியிருப்பாளர்கள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது மட்டும் அதன் கையில் இருக்கிறது.

உங்கள் குழுவுக்கு நான் சொல்லக்கூடியது: கட்டடத்தில் ஒரு செங்கல்லைத் தொடும் முன், நூலகத்திலோ பள்ளியிலோ ஓர் அறையை இரவல் வாங்கி ஆறு மாதம் இரண்டு மூன்று வகுப்புகளை நடத்திப் பாருங்கள். யார் வருகிறார்கள், எந்த நாள், எந்த நேரம் என்று தெரிந்துவிடும், அதை வைத்துத்தான் அறைகளின் அளவையே முடிவு செய்ய வேண்டும். மேளம் பழகும் அறையும் கதை வாசிக்கும் அறையும் ஒரே சுவரைப் பகிரக் கூடாது என்பது போன்ற விஷயங்கள் வரைபடத்தில் தெரியாது. கதவைத் திறக்கவும் பூட்டவும் சம்பளத்துக்கு ஒருவராவது வேண்டும். தொண்டர்களை நம்பியே ஓட்டினால் இரண்டாம் ஆண்டில் மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள், அவர்களும் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். கூரை ஒழுகினால் யார் செலவு என்பதையும், குத்தகை எத்தனை ஆண்டு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பதினைந்து ஆண்டுக்குக் குறைவாகச் சொன்னால் இடத்தை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, உங்கள் காசைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான்களில் மட்டும் போடுங்கள்.